நாலு மணிப் பெரட்டு: பினாங்கில் மறதிநோயுள்ள ஒரு மூதாட்டியின் பராமரிப்பு, எட்டு மாத நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூதாட்டிக்கு வயது 79. கணவர் காலமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் வட்டாரத்து அடுக்குமாடி ஒன்றின் 11ஆம் மாடியில் இளைய மகன் குடும்பத்தோடு இருக்கிறார். மகனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, மருமகளுக்குக் கணக்கு அலுவலகத்தில் வேலை. 16 வயதில் ஒரு பேத்தி. மூத்த மகள் சுங்கைப்பட்டாணியில் வாழ்கிறார். வீட்டோடு தங்கி மூதாட்டியைக் கவனிக்க ஓர் இந்தோனேசியப் பணிப்பெண்ணை வைத்திருந்தார்கள். மலாய் பேசுவார், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

மூதாட்டி பிறந்து வளர்ந்தது செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு படிப்பு நின்றது. 14 வயதில் உளி பிடித்தவர் 55 வயது வரை பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டோடுதான் அந்த வேலை தொடங்கும். பிறகு தோட்டம் கைமாறியது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டன, குடும்பம் தீவுக்குக் குடிபெயர்ந்தது. பேச்சுமொழி தமிழ். கடைத்தெருவுக்குப் போதுமான பாசார் மலாய் நன்றாகவே வரும்.

நீரிழிவு 18 ஆண்டுகளாக இருக்கிறது, இரத்த அழுத்தமும் உண்டு. அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் சர்க்கரைக்கு மெட்ஃபோர்மின் 500 மி.கி. இரு வேளை, கிளிக்லசைடு 80 மி.கி. இரு வேளை, இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. ஒரு வேளை என்று ஒழுங்காக வாங்கி வந்தார்கள். சர்க்கரைக் கட்டுப்பாட்டில் குடும்பத்துக்குப் பெருமைதான். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.2 விழுக்காடாக இருந்தது. இந்த நிகழ்வில் அந்தப் பெருமைக்கும் ஒரு பங்கு உண்டு.

நோய் கண்டறிந்த விதம்

கேட்டதையே கேட்பது, அடுப்பை அணைக்க மறப்பது, கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது என்று இரண்டு ஆண்டுகளாக மாற்றம் தெரிந்தது. மருத்துவமனையின் நினைவாற்றல் கிளினிக்கில் முதியோருக்கான 10 கேள்வித் தேர்வை மலாயில் நடத்தினார்கள், மருமகள் மொழிபெயர்த்தார். 10க்கு 3 வந்தது. இத்தேர்வில் 4 அல்லது அதற்குக் கீழே வந்தால் டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்வார்கள்.

மறதியை உண்டாக்கக்கூடிய, ஆனால் சரிசெய்ய முடிந்த காரணங்களைத் தேடினார்கள். தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம், சிறுநீரகச் செயல்பாடு எல்லாம் வரம்புக்குள் இருந்தன. சி.டி. ஸ்கேனில் மூளை சுருங்கியிருந்தது, சிறு இரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்ட தடயங்களும் தெரிந்தன. அல்சைமரும் இரத்தக்குழாய்ப் பாதிப்பும் கலந்த வகை டிமென்ஷியா என்று முடிவு செய்து, டோனெபெசில் என்ற மறதிநோய் மருந்தை 5 மி.கி. இரவில் தொடங்கினார்கள். இந்த ஆய்வில் வாரக் கணக்கு அந்த நாளிலிருந்து தொடங்குகிறது.

அன்றைய உரையாடலில் ஒரு கேள்வி பின்னால் முக்கியமானது. பசி எப்படி என்று மருத்துவர் கேட்டார். மருமகள் மாமியாரிடம் திரும்பி, "அத்தை, பசியாறியாச்சா?" என்றார். "ஆச்சு ஆச்சு" என்று பதில் வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறார் என்று குறிப்பெழுதினார்கள். மலேசியத் தமிழரிடையே "பசியாறியாச்சா" என்பது ஏறக்குறைய வணக்கம் போன்றது. பட்டினி கிடப்பவரும் "ஆச்சு" என்றுதான் சொல்வார். நினைவு மங்கிய பின்னும் இத்தகைய உபசாரப் பதில்கள் நாக்கில் அப்படியே நிற்கும். அதை உணவு அளவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டதுதான் முதல் பிழை.

ஐந்தாம் வாரம்: விடியற்காலை விழிப்பு

மூதாட்டி விடியற்காலையில் எழுந்து நடமாடத் தொடங்கினார். விளக்கைத் தேடினார், வாளியைத் தேடினார். "பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி (தோட்ட மேற்பார்வையாளர்) ஏசுவாரு" என்றார். சில நாள் "பிள்ளைய ஆயாக் கொட்டாயில (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) விடணும்" என்று பேத்தியின் அறைக்கதவைத் தட்டினார். தடுத்தால் கையை உதறினார், இரண்டு முறை பணிப்பெண்ணைக் கீறினார்.

குடும்பத்துக்கு இது சட்டென்று விளங்கிவிட்டது. 41 ஆண்டுகள் நாலு மணிக்கு எழுந்து, சோறாக்கி, இருட்டில் பெரட்டுக்களத்தில் போய் நின்றவர். குளிர்ந்த விடியற்பொழுதில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அதனால்தான் அந்த நேரம். மறதிநோய் அண்மைக்கால நினைவை முதலில் தின்றுவிட்டுப் பழைய நினைவை விட்டுவைக்கிறது, அம்மா தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்கள். சுங்கைப்பட்டாணி மகளும் அதையே சொன்னார்.

இந்த விளக்கம் தவறல்ல. ஆனால் பாதிதான் சரி. மனத்துக்கு நிறைவான ஒரு விளக்கம் கிடைத்ததால் வேறு காரணம் இருக்குமா என்று ஐந்து வாரம் யாரும் பார்க்கவில்லை.

ஏழாம் வாரம்: வீட்டைவிட்டு வெளியேறியது

விடியற்காலை 4.40க்கு அடுக்குமாடிக் காவலர் மூதாட்டியைக் கீழே பேருந்து நிறுத்தத்தில் கண்டு அழைத்து வந்தார். கால் வெறுமையாக இருந்தது, கையில் பிளாஸ்டிக் வாளி. மின்தூக்கியைத் தாமே இயக்கிக் கீழே வந்திருக்கிறார்.

இரும்புக் கிராதிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மகன் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வது என்று முதலில் தீர்மானித்தார்கள். இரண்டு நாளில் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. மகனுக்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில் சாவியும் அவரோடு போய்விடும். 11ஆம் மாடியில் தீப்பற்றினால் உள்ளே நால்வர் மாட்டிக்கொள்வார்கள். பூட்டிய கதவைக் கண்டதும் மூதாட்டியின் பதற்றமும் கூடியது.

அதற்குப் பதில் நான்கு ஏற்பாடுகள் செய்தார்கள். கதவு திறந்தால் மணியடிக்கும் காந்த உணரி ஒன்று பொருத்தி, அதன் ஒலிப்பெட்டியைப் பணிப்பெண் படுக்கும் இடத்தில் வைத்தார்கள். உள்பக்கத் தாழ்ப்பாள் ஒன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பொருத்தினார்கள். மறதிநோய் உள்ளவர்கள் பெரும்பாலும் கண்மட்டத்திலும் கைப்பிடி அருகிலும்தான் தாழ்ப்பாளைத் தேடுவார்கள், மற்றவர்கள் குனிந்து ஒரே நொடியில் திறந்துவிடலாம். காவலரிடமும் கீழ்த்தளக் கடைக்காரரிடமும் மூதாட்டியின் அண்மைப் படத்தையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார்கள். இரவு உடையின் உள்விளிம்பில் மகனின் தொலைபேசி எண் எழுதிய துணிப்பட்டையைத் தைத்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டிப் பார்த்தபோது அரை மணி நேரத்தில் கழற்றி எறிந்துவிட்டார்.

எட்டாம் வாரம்: பதிவேடு

வீட்டுப் பராமரிப்புக்கு ஆலோசனை கூறும் செவிலியர் ஒருவர் தமிழர். 14 இரவுகளுக்கு ஒரு பதிவேடு எழுதச் சொன்னார். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் ஆறு பத்தி: எழுந்த நேரம், தோலும் கையும் எப்படி இருந்தன, என்ன சொன்னார், நாம் என்ன செய்தோம், அடங்க எவ்வளவு நேரம் ஆனது, முந்தைய இரவு தட்டில் எவ்வளவு மிச்சம். "சாப்பிட்டார்" என்று எழுதக் கூடாது என்பதை அழுத்திச் சொன்னார். "ஒன்றரை அகப்பைச் சோறு வைத்தோம், முக்கால்வாசி மிச்சம்" என்றுதான் எழுத வேண்டும்.

பதிவேடு இரண்டு விஷயங்களை வெளியே கொண்டுவந்தது.

முதலாவது, சாப்பாடு. இரவு உணவு மூன்று நான்கு கரண்டிக்குக் குறைந்திருந்தது. எடை பார்த்தார்கள். மருந்து தொடங்குமுன் 46 கிலோ இருந்தவர் இப்போது 42.5. டோனெபெசில் குமட்டலையும் வயிற்றுப்போக்கையும் பசிக்குறைவையும் உண்டாக்கக்கூடிய மருந்து. இந்த வீட்டில் குமட்டல் இல்லாததால், பசி குறைந்தது கண்ணில் படவில்லை.

இரண்டாவது, விழிப்பு ஒரே மாதிரி இல்லை. 14 இரவில் 11 இரவு எழுந்திருந்தார். அவற்றில் ஆறு 3.20க்கும் 4.05க்கும் இடையில். பின்கழுத்திலும் ரவிக்கையிலும் ஈரம், கை நடுக்கம், கெட்ட வார்த்தை, மருமகளையே அடையாளம் தெரியாத நிலை. மற்ற ஐந்தும் 4.30க்கும் 5.00க்கும் இடையில். தோல் உலர்ந்திருந்தது, குரல் அமைதியாக இருந்தது, தனக்குத்தானே பேசிக்கொண்டு பாத்திரங்களை நகர்த்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் வீட்டில் "நாலு மணி" என்றே சொல்லி வந்தார்கள். (தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளிவைக்கப்பட்டது. அவர் உளி பிடித்த காலத்தின் நாலு மணி இன்று நாலரை. இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டியதில்லை, ஆனாலும் பதிவேட்டைப் பார்த்துவிட்டு மகன்தான் இதைச் சொன்னார்.)

வியர்த்த அந்த ஆறு இரவுகளில் இன்னொரு வேறுபாடும் தெரிந்தது. மூன்று இரவு பணிப்பெண் டின் பால் (இனிப்புக் கெட்டிப்பால்) ஊற்றிய கோப்பியும் பிஸ்கட்டும் கொடுத்திருந்தார். இருபது நிமிடத்தில் அடங்கிப் படுத்துவிட்டார். மற்ற மூன்று இரவு மருமகள், சர்க்கரைக்காரராயிற்றே என்று, சீனியில்லாத தேநீர் கொடுத்திருந்தார். மூன்று நாளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போராட்டம். தோட்டத்துக் கோப்பி பழைய நினைவைத் தடவிக்கொடுத்தது என்று அதற்கும் வீட்டில் ஓர் அழகான விளக்கம் தயாராக இருந்தது. அமைதிப்படுத்தியது கோப்பியின் நினைவா, கோப்பியின் சீனியா என்று கேட்டவர் செவிலியர்.

பத்தாம் வாரம்: அளந்து பார்த்தல்

அடுத்த முறை வியர்வையோடு எழுந்தால் முதலில் விரலில் இரத்தச் சர்க்கரை பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். வீட்டில் கருவி இருந்தது, காலையில் மட்டும் பயன்படுத்தி வந்தார்கள். பதற்றத்தில் இருப்பவரிடம் ஊசி குத்தச் சில நுணுக்கங்களைச் செவிலியர் சொல்லிக்கொடுத்தார். விளக்கை முழுதாகப் போடாமல் பக்கவிளக்கு மட்டும் போட வேண்டும். எதிரே நின்று குனியாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரல்நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம், மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். குத்துமுன் விரலை வெறுந்தண்ணீரால் துடைத்து உலர்த்த வேண்டும். பிஸ்கட் சீனி விரலில் ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், தாழ்நிலை மறைந்துபோகும்.

மூன்றாம் இரவு 3.50க்கு அளவு 3.1 மில்லிமோல். 3.9க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

செவிலியர் எழுதிக்கொடுத்தபடி செய்தார்கள். மூன்று தேக்கரண்டிச் சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துச் சிறு மடக்காகக் கொடுத்தார்கள். அது ஏறத்தாழ 15 கிராம். மைலோவோ பால் கோப்பியோ முதலில் கொடுப்பதில்லை, பாலின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்தபோது 4.6. பிறகு இரண்டு ரொட்டித் துண்டு. மயங்கி, விழுங்க முடியாத நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். புதிய மருந்து பசியைக் குறைத்தது. பணிப்பெண்ணோ பழைய மாத்திரையை ஏழு மணிக்குத் தவறாமல் கொடுத்தார். கிளிக்லசைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும். அதன் வேலை இரவு முழுதும் நீடிக்கும். வயிற்றில் நான்கு கரண்டிச் சோறு, மேலே 80 மி.கி. மாத்திரை. விடியற்காலை மூன்றரைக்கு உடல் அலாரம் அடித்தது. அந்த அலாரத்தின் வியர்வையும் நடுக்கமும் குழப்பமும், ஏற்கெனவே மங்கிய மூளையில், கங்காணியின் ஏச்சாக வடிவெடுத்தன. தலை தெளிந்த ஒருவர் "மயக்கமா வருது, ஏதாச்சும் கொடு" என்பார். இவர் வாளியைத் தேடினார்.

மருந்து மாற்றம்

அன்று காலையே எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு, பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். இதுவரை நினைவாற்றல் கிளினிக் அட்டை ஒரு கையிலும் நீரிழிவுப் பதிவுப் புத்தகம் இன்னொரு கையிலுமாக, மகனும் மருமகளும் வேறு வேறு நாளில் போய்வந்திருந்தார்கள். இரண்டையும் ஒரே மருத்துவர் சேர்த்துப் பார்த்தது அன்றுதான்.

இரவு கிளிக்லசைடை அன்றே நிறுத்தினார்கள், காலை வேளையதை ஒரு வாரம் கழித்து. மெட்ஃபோர்மின் தொடர்ந்தது. இந்த வயதில், இந்த நோயோடு, எச்பிஏ1சியை 6.2இல் வைத்திருப்பது நன்மையைவிட ஆபத்து, 8 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் போதும் என்று மருத்துவர் இலக்கைத் தளர்த்தினார். டோனெபெசிலை 10 மி.கி.க்கு உயர்த்தும் திட்டத்தைத் தள்ளிவைத்து, இரவிலிருந்து காலை உணவுக்குப் பிறகு என்று நேரத்தை மாற்றினார்கள். நாடித்துடிப்பையும் பார்த்தார்கள், ஏனென்றால் அம்மருந்து இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடும். இவருக்கு 64, கவலையில்லை. வீட்டில் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை.

மறுநாள் இரவு ஒருமுறை 3.6 வந்தது. அதன் பிறகு தாழ்நிலை வரவில்லை. மூன்றரை மணி விழிப்பும் கீறலும் கெட்ட வார்த்தையும் ஒன்பது நாளில் நின்றுபோயின.

மிச்சமிருந்த நாலரை மணி

நாலரை விழிப்பு நிற்கவில்லை. இரண்டு இரவு அளந்தார்கள், 6.8, 7.4. ஆக இது உண்மையிலேயே பெரட்டுதான். குடும்பத்தின் பழைய விளக்கம் இந்தப் பாதிக்கு முழுதும் பொருந்தியது. வாரத்துக்கு மூன்று நான்கு நாள் வந்தது.

தூக்க மாத்திரை கேட்கலாமா என்று மகன் யோசித்தார். வேண்டாம் என்று முடிவானது. இந்த வயதில் தூக்க மாத்திரை விழுந்து எலும்பு முறிவதற்கும் குழப்பம் கூடுவதற்கும் வழிவிடும். எழுபவர் இப்போது யாரையும் தாக்கவில்லை, அழவுமில்லை. சிக்கல் மூதாட்டிக்கு அல்ல, மற்றவர்களின் தூக்கத்துக்குத்தான்.

எனவே அந்த ஒரு மணி நேரத்துக்கு வேலை கொடுத்தார்கள். "இப்ப தோட்டம் இல்லம்மா, வித்தாச்சு" என்று திருத்துவதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி அவருக்குப் புதிதாக வந்து விழுந்தது, ஒவ்வொரு முறையும் அழுதார். "மழை பெய்யுதும்மா, வெட்டு இல்லை" என்று மகன் ஒருநாள் சொன்னது வேலை செய்தது. மழை நாளில் மரம் ஈரமாக இருந்தால் வெட்டு கிடையாது. ஆனால் வெளியே வறண்டு கிடந்தபோது சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "பொய் சொல்றியா?" என்று கேட்டார். அதோடு அதை விட்டுவிட்டார்கள். இப்போது கேட்பது: "எந்த நெரைம்மா உங்களுக்கு? மரம் எத்தனை?" நெரை என்றால் மர வரிசை. அவர் சொல்லத் தொடங்கினால் வாசலை மறந்துவிடுகிறார்.

மேசையில் 12 பிளாஸ்டிக் கிண்ணங்களும் ஒரு பழந்துணியும் வைத்தார்கள். மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) துடைக்கும் வேலை. ஒவ்வொன்றாகத் துடைத்துக் கவிழ்த்து அடுக்குவார், இருபது நிமிடம் ஆகும். பிறகு கோப்பி, கொஞ்சம் பசியாறல், பெரும்பாலான நாள் ஐந்தரைக்கு மறுபடி தூக்கம். கண்ணாடிக் கிண்ணம் வைத்த முதல் நாள் ஒன்று உடைந்தது.

இந்த ஒரு மணி நேரம் பணிப்பெண் தலையில் மட்டும் விழக் கூடாது என்பதை எழுதிவைத்தே செயல்படுத்தினார்கள். திங்கள் முதல் வியாழன் வரை அவர். வெள்ளி, சனி மருமகள். ஞாயிறு மகன், அன்று பணிப்பெண்ணுக்கு முழு ஓய்வு. மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் மகள் சுங்கைப்பட்டாணியிலிருந்து வந்து தங்கினார். தாயை அங்கே அழைத்துப்போனது ஒரே ஒருமுறை. புதிய வீட்டில் கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரவெல்லாம் அலைந்தார். அதனால் நகர்வது மகள்தான் என்று வைத்துக்கொண்டார்கள்.

நான்காம் மாதம்: மொழியும் குளியலும்

பகல் நேரத்தில் தீராத சண்டை குளியல். பணிப்பெண் "நெனெக், மண்டி" (பாட்டி, குளியல்) என்று மலாயில் அழைத்துப் போவார், ஆடையைக் கழற்றுவார், கைத்தூவானை (ஷவரை) தலைக்கு மேல் பிடிப்பார். மூதாட்டி அலறுவார். வாரத்தில் நான்கு நாள் இதே கதை.

நினைவாற்றல் கிளினிக்கின் அடுத்த சந்திப்பில் தமிழ் பேசும் தாதி ஒருவர் அதே 10 கேள்விகளை நேராகத் தமிழில் கேட்டார். 5 வந்தது. நோய் இல்லை என்று இதற்குப் பொருளல்ல. 5, 6 எல்லைக்கோட்டு மதிப்பெண்தான், அன்றாட வாழ்வில் இழப்பு தெளிவாகத் தெரிகிறது. இரு தேர்வுகளுக்கும் இடையில் தாழ்சர்க்கரையும் நீங்கியிருந்தது, ஆகவே உயர்வு முழுவதையும் மொழிக் கணக்கில் எழுதவும் முடியாது. ஆனால் தாதி கவனித்த ஒன்று முக்கியம். மலாயில் கேட்டால் மூதாட்டி புன்னகைத்துத் தலையாட்டினார், தமிழில் கேட்டால் பதில் சொன்னார். பிற்காலத்தில் கற்ற மொழி முன்னதாகத் தேய்ந்து, தாய்மொழி நின்றுகொள்வது மறதிநோயில் காணப்படுவதுதான். பாசார் மலாய் அவரிடமிருந்து போய்க்கொண்டிருந்தது. புன்னகை அதை மறைத்தது. பணிப்பெண் நாள் முழுதும் பேசியது ஏறக்குறைய வெறும் ஓசையாகவே போய்ச் சேர்ந்தது.

பேத்தி ஓர் அட்டை தயாரித்தார். 31 தமிழ்ச் சொற்கள், பணிப்பெண் படிக்கும் எழுத்தில், பக்கத்தில் மலாய்ப் பொருளோடு. வாங்கம்மா, உக்காருங்க, மெதுவா, சுடுதண்ணி, பச்சத்தண்ணி, வலிக்குதா, பசிக்குதா, கக்கூசுக்கா, போதுமா, பயப்படாதீங்க. "நெனெக்" என்பதை விட்டு "அம்மா" என்று அழைக்கச் சொன்னார்கள். பணிப்பெண்ணின் உச்சரிப்பைக் கேட்டு மூதாட்டி சிரித்தது பதிவேட்டில் இருக்கிறது. தொடக்கத்தில் அட்டையில் 60 சொற்கள் இருந்தன. அவசரத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாததால் பாதியாகக் குறைத்தார்கள்.

குளியலையும் தோட்டத்துக் குளியலாக மாற்றினார்கள். லயத்தில் பெண்கள் தொட்டியடியில் மாரளவு கைலி கட்டித்தான் குளிப்பார்கள். வேற்று மனுஷி முன் ஆடை கழற்றுவது இவருக்கு வாழ்நாளில் பழக்கமில்லை. இப்போது கைலியோடே குளிக்கிறார். ஈரக் கைலிக்கு மேல் உலர்ந்ததைப் போட்டபின் உள்ளிருப்பதை உருவிவிடுகிறார்கள். தூவானுக்குப் பதில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு காயோங் (தண்ணீர் மொள்ளும் குவளை). முதலில் காயோங்கை அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பாதம், முழங்கால், தோள் என்ற வரிசை. தலைக்கு வாரத்தில் ஒரே நாள். நேரம் மாலை நாலு மணி. ஆறு மணிக்கு மேல் வெளிச்சம் மங்கும்போது குழப்பம் கூடுவதால் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தைக் குடும்பம்தான் விட வேண்டியிருந்தது. வாரத்தில் மூன்று குளியல், மற்ற நாள் துண்டால் துடைத்தல். தோலுக்கு அது போதும்.

ஐந்தாம் மாதம்: மறுபடி காணாமல் போனது

விருந்தினர் வந்திருந்த ஒரு ஞாயிறு. பணிப்பெண்ணுக்கு ஓய்வு நாள். வருவோரும் போவோருமாக இருந்ததால் கதவு உணரியை யாரோ அணைத்துவிட்டார். 2.30க்கு மூதாட்டியைக் காணவில்லை.

எல்லோரும் கீழே ஓடினார்கள். சந்தை, பேருந்து நிறுத்தம், கோயில். காவல்துறையில் உடனே சொல்லியது சரியான முடிவு, 24 மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மணி 50 நிமிடம் கழித்து, ஆறாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்திருந்தவரைக் குப்பை கொட்ட வந்த சீனப் பெண்மணி கண்டார். பக்கத்து வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. காணாமல் போன மறதிநோயாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல வேளைகளில் பதில் சொல்வதில்லை.

இதற்குப் பின் தேடல் வரிசையை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினார்கள். முதலில் வீட்டுக்குள், குளியலறையும் அலமாரிப் பின்புறமும் உட்பட. அடுத்து ஒருவர் மாடிப்படி வழியாக மேலிருந்து கீழே ஒவ்வொரு தளமாக. அதே நேரத்தில் ஒருவர் மின்தூக்கியில் கீழே போய்க் காவலரிடம். 15 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் காவல்துறை. அதன் பிறகுதான் தெரு, கால்வாய் ஓரம், புதர். ஒருவர் வீட்டைவிட்டு நகரக் கூடாது, தொலைபேசி அவரிடம். விருந்தினர் வரும் நாளில் கதவுக்கு ஒருவர் பொறுப்பு, பெயர் சொல்லி.

பணம், பத்திரம்

இதில் குடும்பம் தாமதித்துவிட்டது. மூதாட்டியின் வங்கிக் கணக்கை இயக்க மகனுக்கு அதிகாரப் பத்திரம் எழுதலாம் என்று நான்காம் மாதத்தில்தான் வழக்கறிஞரிடம் போனார்கள். மலேசியச் சட்டத்தில் சாதாரண அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் மனத்திறனை இழந்தால் செல்லாமல் போகும். இழந்த பின்பு புதிதாக எழுதவும் முடியாது. அப்போது 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் போக வேண்டும். தொகை சிறியது என்பதால் குடும்பம் இப்போதைக்கு அந்த வழிக்குப் போகவில்லை, செலவை மகனும் மகளும் பகிர்ந்துகொள்கிறார்கள். நோய் கண்டறிந்த அதே மாதத்தில் பேசியிருக்க வேண்டிய விஷயம் இது.

எட்டாம் மாத நிலை

எடை 45 கிலோ. எச்பிஏ1சி 7.9. தாழ்சர்க்கரை இல்லை. குளியல் சண்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நாலரை விழிப்பு வாரத்துக்கு மூன்று நாள் தொடர்கிறது.

நோய் நின்றுவிடவில்லை. பேத்தியின் பெயர் இப்போது வருவதில்லை, "எம் பிள்ளை" என்கிறார். பொத்தான் போட உதவி வேண்டியிருக்கிறது. கிண்ணம் துடைப்பது 20 நிமிடத்திலிருந்து 10 ஆகக் குறைந்திருக்கிறது, சில நாள் ஒரே கிண்ணத்தை வைத்துத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

எதை மாற்றியிருக்க வேண்டும்

திடீரென்று, சில வாரத்துக்குள் வந்த எந்த மாற்றத்தையும் மறதிநோயின் வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்நோய் மாதக் கணக்கில் நகரும். வாரக் கணக்கில் வந்தால் புதிய மருந்து, சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி என்ற வரிசையில் தேட வேண்டும். ஐந்தாம் வாரத்தில் முதல் இரவே விரலில் குத்திப் பார்த்திருந்தால் பேருந்து நிறுத்தம் வரை போயிருக்காது.

பசியைக் குறைக்கக்கூடிய மருந்து தொடங்கும்போது, சர்க்கரையை இறக்கும் மாத்திரை இருக்கிறதா என்று இரு கிளினிக்குகளில் ஏதேனும் ஒன்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காதபோது குடும்பம் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரே பை.

பணிப்பெண்ணின் மொழியை வேலைக்கு எடுக்கும்போதே யோசித்திருக்க வேண்டும். தமிழ் தெரிந்தவர் கிடைப்பது அரிது என்பதால், அட்டையை முதல் வாரமே கொடுத்திருக்கலாம்.

டோனெபெசிலைத் தொடர்வதா என்பது அடுத்த சந்திப்பில் பேசப்பட இருக்கிறது. பணிப்பெண்ணின் ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. புதியவர் வரும்போது இருவரும் பத்து நாள் ஒன்றாக வேலை செய்ய ஏற்பாடாகியிருக்கிறது. 31 சொல் அட்டையோடு, எந்த நெரை, எத்தனை மரம் என்று மூதாட்டி சொன்னவற்றையும் பேத்தி எழுதி வைத்திருக்கிறார்.